ஹெம்ப் போடலாமா? மரவள்ளி விவசாயி ஒருவரின் கேள்வியும் என் பதிலும்

கேள்வி (சுருக்கமாக): "ஐயா, ராசிபுரம் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர். கிணற்றுப் பாசனம், இருபது வருடமாக மரவள்ளிதான். மாவுப்பூச்சியும் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காரர்கள் போடும் விலையும் சேர்ந்து, போன இரண்டு வருடமும் கைநட்டம். கோயம்புத்தூரில் இருக்கும் மச்சான் ஒரு கம்பெனி ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். 'இண்டஸ்ட்ரியல் ஹெம்ப் போடுங்கள், அது கஞ்சா இல்லை, போதை வராது, உத்தராகண்டில் அரசாங்கமே அனுமதி கொடுத்துவிட்டது, தண்ணீர் கம்மி, விளைவதை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்' என்கிறார் அவர். விதைக்கும் பதிவுக்கும் ஏக்கருக்கு 60,000 ரூபாய் கட்ட வேண்டுமாம். 'டெல்லி பர்மிஷன்' என்று ஒரு ஜெராக்ஸும் காட்டினார். அப்பா, 'கஞ்சாவா போடப் போற?' என்று கேட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். போடலாமா, கூடாதா?" (பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்)

தம்பி, போடாதீர்கள். பணமும் கட்டாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வரும் வெள்ளிக்கிழமை அந்தக் கம்பெனி ஆள் மறுபடி வருவதாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். மீதியை நிதானமாகப் படித்துக்கொள்ளலாம்.

அந்த ஆள் சொன்னதில் முழுப் பொய் என்று எதுவும் இல்லை, அதுதான் இதில் சிக்கலே. எல்லாம் அரை உண்மை. நாருக்கும் விதைக்கும் வளர்க்கும் ஹெம்ப்பில் போதை ஏறாது என்பது சரி. உத்தராகண்ட் அனுமதித்தது என்பதும் சரி. 2018-ல் அங்கே முதல் உரிமம் கொடுத்தார்கள். ஆனால் உங்கள் காடு இருப்பது ராசிபுரத்தில், உத்தராகண்டில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-ல் வந்தது. அதில் 'கஞ்சாச் செடி' என்றால் கன்னாபிஸ் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும்தான். போதை எவ்வளவு, எந்த ரகம், எதற்காக வளர்க்கிறாய் என்ற கேள்வியே அந்த வரையறையில் இல்லை. செடியில் போதை தரும் பொருள் 0.3 சதவீதத்துக்குக் கீழே, 0.3 சதவீதத்துக்குக் கீழே என்று உங்கள் கம்பெனி ஆள் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாரே, அந்த எண்ணை இந்தச் சட்டம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. வளர்த்தால் பிரிவு 20-ன் கீழ் பத்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

விதிவிலக்கு உண்டு. பிரிவு 14. நாருக்காகவோ விதைக்காகவோ மட்டும் கன்னாபிஸ் பயிரிட, அரசு ஒரு பொது ஆணை மூலமோ சிறப்பு ஆணை மூலமோ நிபந்தனைகளோடு அனுமதிக்கலாம் என்கிறது அது. இந்தக் கதவை வைத்துத்தான் உத்தராகண்ட் நுழைந்தது. தமிழ்நாட்டில் அப்படி விவசாயிகளுக்கு ஓர் ஆணையும் போடவில்லை. ஆணை வராதவரை அவர் காட்டும் ஜெராக்ஸ் வெறும் காகிதம்தான். பெரும்பாலும் அது கம்பெனிப் பதிவுச் சான்றிதழாகவோ உணவுப் பாதுகாப்பு உரிமமாகவோ இருக்கும். ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக விற்கலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் அறிவித்தது. அதனால் விதையைக் கடையில் வாங்கலாம், வறுத்துச் சட்னியில் போடலாம். உத்தராகண்டின் குமாவுன் மலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த விதையில் சட்னி அரைக்கிறார்கள், நானும் ஒரு தடவை சாப்பிட்டிருக்கிறேன், நம் எள்ளுத் துவையலுக்குப் பங்காளி மாதிரி இருந்தது. ஆனால் அதே விதையை ஒரு பிடி மண்ணில் போட்டு முளைக்கவிட்டால் அது வேறு கதை. விதை விற்றவர் தப்பித்துக்கொள்வார், விதைத்தவர் மாட்டுவார்.

சில பேர், "நீங்கள் விதைக்க வேண்டாம், நிலத்தை எங்களிடம் குத்தகைக்கு விடுங்கள்" என்றும் வருவார்கள். அதுவும் வேண்டாம். தெரிந்தே நிலத்தை இதற்கு விட்டவருக்கும் அதே தண்டனை என்று பிரிவு 25 சொல்கிறது. அப்புறம் அந்த 'வாங்கிக்கொள்கிறோம்' ஒப்பந்தம். சட்டம் தடுத்த காரியத்துக்காகப் போடும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. நாளைக்கு அவர் காணாமல் போனால், கட்டிய இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு அந்த ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால், முதல் கேள்வியே உங்களைப் பார்த்துத்தான் வரும்.

சரி, இப்போது அப்பா கேட்ட கேள்வி. கஞ்சாவா, இல்லையா?

செடி ஒன்றுதான். இனம் ஒன்றுதான். நாட்டு நாய், வேட்டை நாய் மாதிரி வளர்ப்பில் பிரிந்த வகைகள். போதை தருவது டி.எச்.சி. என்ற பொருள், அது பெண்பூவின் பிசினில்தான் அதிகம். நாருக்கு வளர்க்கும் ரகங்களில் அதைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துக் குறைத்திருக்கிறார்கள். நெருக்கமாக விதைத்து, ஆண் செடியும் பெண் செடியும் கலந்து, கிளை விடாமல் மூங்கில் மாதிரி நெட்டையாக வளர்ப்பார்கள். கஞ்சா வளர்ப்பவனோ இடைவெளி விட்டு நட்டு, ஆண் செடியைப் பார்த்த இடத்தில் பிடுங்கிப் போடுவான், மகரந்தம் பட்டால் பூ விதையாகிச் சரக்கு கெட்டுவிடும் என்று. இது காற்றில் மகரந்தம் பறக்கும் செடி, கிலோமீட்டர் கணக்கில் போகும். அதனால் "ஹெம்ப் காட்டுக்கு நடுவில் கஞ்சாவை ஒளித்து வளர்த்துவிடுவார்கள்" என்று எதிர்ப்பவர்கள் சொல்வதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கஞ்சாக்காரனுக்கு ஹெம்ப் காட்டைவிடக் கெட்ட பக்கத்து வீடு கிடையாது.

ஆனால் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது என்கிறார்களே, அது உண்மை. போன வருடம் ஒருவர் பதறிப்போய் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் அனுப்பினார், வரப்பில் கஞ்சா முளைத்திருக்கிறது, போலீஸுக்குச் சொல்லட்டுமா என்று. பார்த்தால் நல்வேளைக் கீரை. ஐந்து விரல் இலை அதற்கும் உண்டு. அவ்வளவு ஏன், மரவள்ளியே தெரியாத ஊர்க்காரர் ஒருவர் உங்கள் காட்டு ஓரமாக நடந்தால் என்ன நினைப்பார்? 2021 கடைசியிலிருந்து நம் மாநிலத்தில் போலீஸ் கஞ்சா வேட்டை என்று பெயர் வைத்தே தேடிக்கொண்டிருக்கிறது. அதற்கு நடுவில், "சார், இது 0.3-க்குக் கீழே" என்று இன்ஸ்பெக்டரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கும் ஆளாக நீங்கள் இருக்க வேண்டாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ஹெம்ப்பைச் செய்தியில் 'சணல்' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். கோணிச்சாக்குச் சணல் வேறு குடும்பம். நெல்லுக்கு முன்னால் விதைத்து மடக்கி உழுகிறோமே, மஞ்சள் பூ சணப்பு, அதற்கு ஆங்கிலத்தில் 'சன் ஹெம்ப்' என்று பெயர். அது பயறு வகை, கஞ்சாவுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை, தாராளமாகப் போடலாம். ஒரு விதைக்கடையில் மூட்டை மேல் ஆங்கிலத்தில் ஹெம்ப் என்று எழுதியிருந்ததைப் பார்த்துப் பயந்து வாங்காமல் திரும்பிய ஆளையும் எனக்குத் தெரியும்.

இப்போது உங்களுக்கு மட்டும் புரியும் ஒரு விஷயம் சொல்கிறேன், மரவள்ளி விவசாயி என்பதால். கிழங்கு ஆலைக்குப் போனதும் என்ன நடக்கிறது? லோடிலிருந்து கொஞ்சம் சாம்பிள் எடுத்து, தண்ணீரில் முக்கி எடை பார்த்து, 'பாயிண்ட்' இவ்வளவு என்கிறார்கள். மாவுச்சத்து 28 பாயிண்ட் என்று நீங்கள் நினைத்துக்கொண்டு போனால், 24 என்று சீட்டு எழுதுகிறார்கள். தராசு அவர்களுடையது, சாம்பிள் எடுக்கும் கை அவர்களுடையது, பேனாவும் அவர்களுடையது. லாரியைத் திருப்பிக்கொண்டு வர முடியுமா? வெட்டிய கிழங்கு இரண்டு நாள் தாங்காது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருகிறீர்கள். சேலம், நாமக்கல் பக்கம் எந்த விவசாயியைக் கேட்டாலும் விலையைவிடப் பாயிண்டைப் பற்றித்தான் முதலில் திட்டுவார்.

ஹெம்ப்பும் பாயிண்ட் பயிர்தான் தம்பி. ஒரே வித்தியாசம், மரவள்ளியில் பாயிண்ட் தவறினால் காசு குறையும், இதில் பாயிண்ட் தவறினால் பயிரையே அழிக்க வேண்டும். அனுமதி இருக்கிற நாட்டிலேயே அப்படித்தான். அமெரிக்காவில் 2018-ல் சட்டம் மாற்றி, காய்ந்த எடையில் 0.3 சதவீதத்துக்கு மேல் டி.எச்.சி. இல்லாதது ஹெம்ப், தாண்டினால் கஞ்சா என்று கோடு கிழித்தார்கள். அறுவடைக்கு முந்தைய 30 நாளுக்குள் வந்து நுனிப்பூவை வெட்டிப் பரிசோதனைக்கு எடுத்துப் போவார்கள். பூ முற்ற முற்ற அந்த அளவு ஏறும், மழையில் அறுவடை ஒரு வாரம் தள்ளிப்போனால்கூடப் போச்சு. தாண்டிய பயிரை அங்கே 'சூடேறிய பயிர்' என்கிறார்கள். அழிக்க வேண்டும், இல்லையென்றால் பூவை நீக்கியோ அரைத்துக் கலந்தோ மறுபரிசோதனையில் தேற வேண்டும். விதைச் செலவு, கூலி, பரிசோதனைச் செலவு எல்லாம் விவசாயி தலையில். 0.3 என்ற அந்த எண்ணுக்குப் பின்னால் பெரிய மருத்துவ ரகசியம் ஒன்றும் கிடையாது. 1970-களில் கனடா நாட்டுத் தாவரவியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்மால் வகைப்பாட்டு வசதிக்காக வைத்த ஒரு கோடு, அதுவே நாளாக ஆகப் பல இடங்களில் சட்டமாகிவிட்டது.

உத்தராகண்டும் 0.3-ஐத்தான் எடுத்துக்கொண்டது. அங்கே மலையில் தானாக விளையும் நாட்டுச் செடி பெரும்பாலும் அதைத் தாண்டிவிடுகிறது. ஆக, காலங்காலமாக நார் உரித்துக் கயிறு திரித்த மலைக்காரரின் சொந்த விதை சட்டத்துக்கு ஆகாது, சட்டத்துக்கு ஆகும் விதை அந்த மலைக்குப் பழக்கம் இல்லை. அனுமதி கொடுத்து இத்தனை வருடமாகியும் அங்கே இது ஓடிப்போய் எல்லோரும் போடும் பயிராகவில்லை என்பதை உங்கள் கம்பெனி ஆள் சொல்லியிருக்க மாட்டார்.

நம் ஊருக்கு இன்னொரு தடையும் உண்டு, வேளாண்மை படித்தவன் என்ற முறையில் எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. இது பகல் நீளம் பார்த்துப் பூக்கும் செடி. பகல் நீளமாக இருக்கும்வரை உயரமாக வளரும், குறைந்ததும் வளர்ச்சியை நிறுத்திப் பூவுக்குப் போய்விடும். டி.எச்.சி. குறைந்த பேர்போன ரகங்களெல்லாம் பிரான்ஸ், கனடா மாதிரி கோடையில் 15, 16 மணி நேரம் வெளிச்சம் இருக்கும் ஊர்களில் உருவானவை. நாமக்கல்லில் ஜூன் மாதத்திலேயே பகல் 13 மணி நேரத்தைத் தாண்டாது. அந்த விதையைக் கொண்டுவந்து இங்கே போட்டால், முழங்கால் உயரத்திலேயே ஏதோ அவசரம் போலப் பூத்து நிற்கும். நார் எங்கே இருந்து வரும்? வெப்பமண்டலத்துக்கு ஏற்ற ரகங்களை வேறு நாடுகளில் முயற்சிக்கிறார்கள், ஆனால் நம் மண்ணில், நம் வேளாண் பல்கலைக்கழகம் நாலு பருவம் போட்டுப் பார்த்து, இந்த ரகம், இந்தப் பட்டம், இவ்வளவு மகசூல் என்று ஒரு பரிந்துரை வராதவரை ஏக்கருக்கு இத்தனை லட்சம் என்று யார் சொன்னாலும் அது காற்றில் போட்ட கணக்கு.

விற்பனைக்கு வருவோம். அமெரிக்காவில் கென்டக்கி என்ற மாநிலம், புகையிலை விவசாயிகள் நிறைந்த ஊர். புகையிலை படுத்துவிட்டது, 2018-ல் ஹெம்ப் சட்டம் வந்தது, அடித்தது யோகம் என்று எல்லோரும் இறங்கினார்கள். முக்கால்வாசிப் பேர் போட்டது நாருக்கு இல்லை, சி.பி.டி. என்ற மருந்துச் சாறுக்கு. ஒரே வருடத்தில் சந்தை நிரம்பி வழிந்தது. 2020 ஆரம்பத்திலேயே அங்கே பெரிதாக வாங்கிக்கொண்டிருந்த கம்பெனி திவாலாகி, ஒப்பந்தம் போட்ட விவசாயிகள் கொட்டகையில் மூட்டையை அடுக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த நாட்டு விவசாயத் துறைக் கணக்குப்படி 2021-ல் மொத்தம் 54,200 ஏக்கர், விளைச்சல் மதிப்பு 82 கோடி டாலருக்கு மேல். மறு வருடம் 28,000 ஏக்கர் சொச்சம், மதிப்பு 24 கோடி டாலருக்கும் கீழே. பரப்பு பாதி, பணம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே சட்டம் இருந்தது, கடன் இருந்தது, காப்பீடும் ஓரளவு இருந்தது. அப்படியும் இந்தக் கதி.

பெருந்துறை உங்களுக்குத் தூரமில்லை. 2012-ல் ஈமு கோழி விஷயத்தில் என்ன நடந்தது என்று அப்பாவைக் கேளுங்கள், சொல்வார். குஞ்சு நாங்கள் தருகிறோம், தீனி நாங்கள் தருகிறோம், முட்டை நாங்களே வாங்கிக்கொள்கிறோம். கடைசியில் கோழி மட்டும்தான் மிஞ்சியது, அதற்குத் தீனி போட ஆளில்லாமல் அரசாங்கம்தான் போட்டது. அதற்கு முன்னால் காட்டாமணக்கு. என் பெரியப்பாவே ஒன்றரை ஏக்கரில் போட்டார், டீசல் விளையப் போகிறது என்று. நானும் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது, "போடுங்க பெரியப்பா" என்று நோட்டீஸைக் கையில் கொடுத்தவன் நான்தான். கடைசியில் ஆடுகூடக் கடிக்காத வேலியாக நின்றது. பொக்லைன் வைத்துப் பிடுங்க ஆன செலவை இன்றைக்கும் தீபாவளிக்குத் தீபாவளி எனக்கு நினைவுபடுத்துகிறார். அதனால் 'வாங்கிக்கொள்கிறோம்' என்ற வார்த்தையோடு யார் வந்தாலும் எனக்கு முதலில் வயிற்றில்தான் ஏதோ பண்ணும்.

அப்படியானால் ஹெம்ப்பே வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. அனுமதிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. 1961-ஆம் வருட ஐ.நா. ஒப்பந்தத்தின் 28-ஆம் பிரிவே நாருக்கும் விதைக்கும் வளர்ப்பதை விலக்கி வைத்திருக்கிறது. நம் சட்டமும் பிரிவு 14-ல் கதவை வைத்துவிட்டுத்தான் பூட்டியிருக்கிறது. நார் நல்ல நார், விதை நல்ல உணவு, உள்தக்கையைச் சுண்ணாம்போடு குழைத்துச் சுவர்கூட எழுப்புகிறார்கள். 'பருத்திக்கு மாற்று, உலகத்தையே காப்பாற்றும் செடி' என்று யூடியூபில் உருகுகிறார்களே, அந்த அளவுக்கு நான் போகமாட்டேன். தண்ணீர் குறைவு என்பார்கள், குறைவுதான், ஆனால் சும்மா வராது. உரமும் கேட்கும்.

என் சண்டை வரிசையைப் பற்றியது. நார் உரிக்கும் ஆலை முதலில் வர வேண்டும். தண்டை ஊறவைத்துப் பட்டை நாரைப் பிரித்தெடுக்க இயந்திரம் வேண்டும், தண்டோ பருமன் அதிகம் எடை கம்மி, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் லாரியில் ஏற்றினால் வாடகையே தின்றுவிடும். வாழைநார் உரிக்கும் மெஷின் வாங்கித் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருக்கும் குழுக்களைக் கேட்டால் மீதிக் கதை தெரியும். ஆலைக்கும் முன்னால் நம் பட்டத்துக்கு ஏற்ற ரகம். அதற்கும் முன்னால், பாயிண்டைச் சட்டத்திலேயே எழுதி, பரிசோதனைச் செலவை அரசு ஏற்று, விதை கொடுத்தவன் விதைக்குப் பொறுப்பாகி, அங்கீகாரம் பெற்ற விதையைப் போட்டும் அளவு தாண்டினால் விவசாயி மேல் வழக்குக் கிடையாது, நட்டஈடு உண்டு என்று ஒரு வரி. இமாச்சலத்தில் குழு போட்டு ஊர் ஊராகக் கேட்டு, 2024-ல் சட்டமன்றத்தில் வைத்து, 2025 ஜனவரியில் முதலில் இரண்டு பல்கலைக்கழகங்கள் சோதனைச் சாகுபடி செய்து பார்க்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். மெதுவாகப் போகிறார்கள் என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. மலானா என்ற மலைக் கிராமத்துச் சரஸுக்கு (கஞ்சாப் பிசின்) பேர்போன மாநிலம் அப்படி மெதுவாகப் போவதுதான் சரி.

அவசரப்பட்டு எழுதிய சட்டம் என்ன பாடுபடும் என்பதற்கும் அமெரிக்காதான் உதாரணம். செடியில் 0.3 என்று மட்டும் எழுதினார்கள். சி.பி.டி. விலை விழுந்ததும், அதையே ரசாயன முறையில் மாற்றிப் போதை தரும் மிட்டாயாக்கிப் பெட்ரோல் பங்குக் கடையில் விற்க ஆரம்பித்துவிட்டார்கள், 'ஹெம்ப்தானே' என்று. கடைசியில் 2025 நவம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, விற்கும் ஒரு டப்பாவில் டி.எச்.சி. 0.4 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று இறுக்கியது. மிட்டாய் விற்றவன் சம்பாதித்துவிட்டான். இறுக்கம் எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

இனி உங்கள் நாலு ஏக்கர். மாவுப்பூச்சிக்கு வாரம் ஒரு மருந்து அடிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், முதலில் அதை நிறுத்துங்கள். இந்தப் புது மாவுப்பூச்சி 2020-ல்தான் நம் நாட்டில் தென்பட்டது. அதைத் தின்று அடக்கும் 'அனகைரஸ் லொபேசி' என்ற பொடிக் குளவியை ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். நீங்கள் அடிக்கும் மருந்து பூச்சிக்கு முன்னால் குளவியைக் கொல்கிறது. ஏத்தாப்பூர் உங்களுக்கு ஒரு பஸ் தூரம். நேரில் போய், தாக்கிய நுனி நாலைந்தைப் பாலிதீன் பையில் போட்டு எடுத்துப் போங்கள், குளவி எப்போது கிடைக்கும், தேமல் நோய் தாங்கும் ரகத்தின் கரணை (நடும் குச்சி) கிடைக்குமா என்று இரண்டையும் கேளுங்கள். ஒரு ஏக்கரை மட்டும் இந்த வருடம் மரவள்ளியிலிருந்து விடுவித்து, அந்த மஞ்சள் பூ சணப்பைப் போட்டு, பூ எடுக்கும் நேரத்தில், 45 நாள் வாக்கில் மடக்கி உழுதுவிட்டுச் சின்ன வெங்காயமோ நிலக்கடலையோ பாருங்கள். இருபது வருடம் ஒரே பயிர் போட்ட மண்ணுக்கு அது முதல் மாற்றமாக இருக்கும். பாயிண்ட் விஷயத்தில் தனியாக ஒன்றும் செய்ய முடியாது, ஊரில் பத்துப் பேர் சேர்ந்து ஒரே நாளில் லோடு ஏற்றினால், ஏற்றுவதற்கு முன்னால் நீங்களே ஒரு தராசில் பார்த்து எழுதி வைத்துக்கொண்டால், சீட்டில் நாலு பாயிண்ட் குறைக்க எழுதுகிறவர் கொஞ்சம் யோசிப்பார்.

வெள்ளிக்கிழமை அவர் வந்தால் சண்டை போட வேண்டாம், மச்சான் உறவு கெடும். "தமிழ்நாடு அரசு பிரிவு 14-ன் கீழ் போட்ட ஆணையின் எண்ணும் தேதியும் எழுதிக் கொடுங்கள், கலெக்டர் ஆபீசில் காட்டிவிட்டுப் பணம் கட்டுகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அந்த ஜெராக்ஸைப் போனில் ஒரு படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள், ஆதார் நம்பர் ஏதாவது இருந்தால் மறைத்துவிட்டு. மச்சான் ஏற்கெனவே முன்பணம் ஏதாவது கட்டியிருக்கிறாரா என்று அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், கடிதத்தில் அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.